முசாஃபிரும் விருந்தினரும்: துருக்கி பலதரப்பட்ட பயணியரை ஈர்ப்பது ஏன்?

கோடைக் காலத்தில் துருக்கியின் தென்கரையிலுள்ள அந்தாலியா விமான நிலையத்தில் வந்திறங்கும் அயல்நாட்டாரில் ரஷ்யர்களும் ஜெர்மானியர்களுமே மிகுதி. அவர்கள் வெயிலைத் தேடி வருகின்றனர். அதே பருவத்தில் வடகிழக்கே கருங்கடலோர நகரமான திரப்ஸோனில் வந்திறங்கும் சவூதி, குவைத் குடும்பத்தினரோ வெயிலிலிருந்து தப்பி வருகின்றனர். மூடுபனி இறங்கும் உசுன்கோல் ஏரிக்கரையில் நின்று மழையில் நனைவதே அவர்களுக்கு விடுமுறை. பாலைவனத்து மக்களுக்கு மழையையும் பனிநாட்டு மக்களுக்கு வெயிலையும் ஒரே நாடு அளிக்கிறது. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் காணாமலே வந்து திரும்பிவிடுகின்றனர் என்பது இதில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி.

துருக்கிக்கு வரும் வெளிநாட்டாரின் தொகை 1980-ஆம் ஆண்டில் சுமார் 13 லட்சமாக இருந்தது. 2014-இல் அது மூன்றரைக் கோடியைத் தாண்டியது. ரஷ்யப் போர் விமானம் ஒன்று 2015 நவம்பரில் சுட்டு வீழ்த்தப்பட்டதால் ரஷ்யா தன் வாடகை விமானங்களை நிறுத்தியது. தொடர் குண்டுவெடிப்புகளும் 2016 ஜூலையில் நடந்த இராணுவக் கலக முயற்சியும் அதனுடன் சேர்ந்துகொள்ள, அவ்வாண்டில் வருகை சுமார் இரண்டரைக் கோடியாகச் சரிந்தது. ஆயினும் மூன்றே ஆண்டுகளில், 2019-இல், அது நாலரைக் கோடியை எட்டியது. கொள்ளைநோய்க் காலத்தின் வீழ்ச்சிக்குப் பிறகு 2024-இல் ஐந்து கோடியையும் கடந்துவிட்டது. அச்சமும் பகையும் இத்தனை விரைவில் மறக்கப்படுவதற்கு ஏதேனும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் நிலவியல் ஆகும். ஆசியாவும் ஐரோப்பாவும் சந்திக்கும் இடம். கருங்கடல், ஏஜியன், மத்தியதரைக் கடல் என மூன்று கடல்கள். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரை. 5,137 மீட்டர் உயரமுள்ள அராராத் மலை. தேயிலை விளையும் ரீஸே மாவட்டத்தின் ஓயாத மழை. கொன்யா சமவெளியின் வறட்சி. இவை யாவும் உண்மை. ஆனால் கடலும் மலையும் பழஞ்சின்னங்களும் துருக்கியைச் சூழ்ந்த பல நாடுகளிலும் உண்டு. இருந்தும் அவற்றுள் பெரும்பாலானவை ஒருவகைப் பயணியரையோ இருவகைப் பயணியரையோ மட்டுமே ஈர்க்கின்றன. ஆதலால் நிலவியல் ஒரு முன்நிபந்தனையே தவிர விடை ஆகாது.

விடைக்கான முதல் குறிப்பு நமக்கு இப்னு பதூதாவிடம் கிடைக்கிறது. பதினான்காம் நூற்றாண்டின் முப்பதுகளில் அவர் சிரியாவின் லாதிக்கியாவில் ஜெனோவாக்காரர் ஒருவரின் கப்பலேறி அனத்தோலியாவை அடைந்தார். அவர் கரையிறங்கிய ஊர் அலாயா. இன்று ஐரோப்பிய விடுமுறைப் பயணியர் நிறைந்து கிடக்கும் அலான்யாதான் அது. அங்கிருந்து அந்தாலியா சென்றவர், அந்நகரின் அமைப்பைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். கிறிஸ்தவ வணிகர்களுக்குத் துறைமுகத்தை ஒட்டி மதிலுடன் ஒரு பகுதி, அந்நாட்டின் பழங்குடிகளான கிரேக்கர்களுக்கு மற்றொன்று, யூதர்களுக்கு வேறொன்று, ஆட்சியாளருக்கும் அவருடைய பரிவாரத்துக்கும் தனிப்பகுதி, ஏனைய முஸ்லிம்களுக்குப் பெருநகர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதில். ஒரே ஊரில் பல ஊர்கள்.

இன்றைய துருக்கி பயணியரை ஏற்கும் முறையும் ஏறத்தாழ இதுவே. அது ஒரு நாடாகத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை; வருபவருக்கு ஏற்றவாறு பல நாடுகளாகக் காட்டிக்கொள்கிறது. ஒவ்வொருவரும் தமக்குரிய துருக்கியைக் கண்டு நிறைவுடன் திரும்புகின்றனர். ஒரே கல்லை இரு சாரார் தம்முடையது எனக் கருதும் இடத்தில்தான் சிக்கல் தோன்றுகிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

இப்படிப் பல நாடுகளாக விளங்குவதற்கு அந்த மண்ணில் காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பதே அடிப்படை. உர்ஃபா நகரைக் கொள்வோம். நம்ரூதின் நெருப்பில் எறியப்பட்ட நபி இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு அந்நெருப்பு நீராகவும் விறகு மீன்களாகவும் மாறியதாக உள்ளூர் மரபு சொல்லும் குளம் அங்கே உண்டு. துருக்கியரும் குர்துகளும் அரபுகளும் குழந்தைகளோடு வந்து அக்குளத்து மீன்களுக்கு இரை போடுகின்றனர். அவற்றைப் பிடித்து உண்பதில்லை. அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள கோபெக்லி தெபே என்னும் குன்றில் கிளாவுஸ் ஷ்மித் என்ற ஜெர்மானியத் தொல்லியலாளர் 1995 முதல் 2014-இல் தாம் இறக்கும்வரை அகழாய்வு நடத்தினார். விலங்குருவங்கள் செதுக்கிய மாபெரும் கல்தூண்கள் வட்டவட்டமாக வெளிப்பட்டன. அவற்றின் வயது பதினோராயிரம் ஆண்டுகளுக்கும் மேல். மட்பாண்டம் செய்யவும் அறியாத மாந்தர் அவற்றை நிறுத்தினர். 2018-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆக, ஒரே ஊரின் விடுதிகளில் ஜியாரத்துக்கு வந்த மூதாட்டியும் கற்காலத்தை ஆராய வந்த மாணவரும் தங்குகின்றனர்.

மேற்குக் கரையில் எபேசு நகரின் இடிபாடுகள் உள்ளன. பைபிளின் இறுதி நூலில் குறிக்கப்படும் ஏழு திருச்சபைகளும் இன்றைய துருக்கியின் எல்லைக்குள்ளேயே இருந்தன. எபேசு அவற்றுள் ஒன்று. அருகிலுள்ள மலைமீது மர்யம் (அலை) அவர்கள் தம் இறுதி நாள்களைக் கழித்த வீடு எனக் கருதப்படும் ஒரு சிறு கட்டடம் உண்டு. 1967-இல் ஆறாம் பால், 1979-இல் இரண்டாம் ஜான் பால், 2006-இல் பதினாறாம் பெனடிக்ட் ஆகிய போப்பாண்டவர்கள் அங்கு சென்றுள்ளனர். முஸ்லிம் பெண்களும் செல்கின்றனர். அங்குள்ள சுவரில் வேண்டுதல் எழுதிக் கட்டப்பட்ட துணிகளையும் தாள்களையும் பார்ப்பவர், எது எந்தச் சமயத்தாருடையது என்று பிரித்தறிய இயலாது.

நடுப்பகுதியில் கப்படோக்கியா. எர்ஜியஸ், ஹசன் ஆகிய மலைகள் பண்டு எரிமலைகளாகக் கக்கிய சாம்பல் இறுகி மென்பாறையாகி, காற்றாலும் நீராலும் கூம்புகளாகத் தேய்ந்த நிலம் அது. கத்தியால் குடையலாம், காற்றுப்பட்டால் கெட்டியாகும். பைசாந்தியக் காலத்துத் துறவிகள் அதில் தேவாலயங்களைக் குடைந்து சுவரோவியம் தீட்டினர். மக்கள் நிலத்தடியில் நகரங்களையே குடைந்தனர். 1963-இல் ஒருவர் தம் வீட்டைச் செப்பனிடுகையில் சுவருக்குப் பின்னால் வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் தெரின்குயூ அவற்றுள் ஒன்று. இன்று அங்கு வருவோரில் பெரும்பாலோர் தேவாலயங்களுக்காக வருவதில்லை. விடியற்காலையில் வெப்பக்காற்றுப் பலூனில் ஏறிப் படமெடுத்துக்கொள்ள வருகின்றனர். அதனை இழிவாகக் கருத வேண்டியதில்லை; மேலிருந்து பார்த்தால்தான் அந்நிலத்தின் உருவம் விளங்கும் என்பதும் உண்மை.

இஸ்தான்புல்லைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடிவிராது. ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். உஸ்மானிய சுல்தான்களின் தோப்கப்பி அரண்மனை 1924 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அதன் ஒரு கூடத்தில் 86 காரட் வைரமும் மரகதம் பதித்த குறுவாளும் உள்ளன. மற்றொரு கூடத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுடையவை எனப் போற்றப்படும் போர்வை முதலிய நினைவுப் பொருள்கள் உள்ளன. அங்கே திருக்குர்ஆன் ஓதும் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கும். இரு கூடங்களின் வாயிலிலும் வரிசை நிற்கிறது. முதல் வரிசையில் நிற்பவர் பேசிச் சிரிக்கிறார். இரண்டாம் வரிசையில் நிற்பவரின் உதடுகள் ஸலவாத்தில் அசைகின்றன. பொற்கொம்பு நீர்முகத்தின் தலைமாட்டிலுள்ள அய்யூப் பகுதியிலும் இதே காட்சிதான். கான்ஸ்தாந்திநோபிள் முற்றுகையின்போது மறைந்த நபித்தோழர் அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலத்துக்கு, சுன்னத் செய்யவிருக்கும் சிறுவர்கள் வெண்ணிற மேலங்கியும் தலையணியும் பூண்டு அழைத்து வரப்படுகின்றனர். அதற்கு மேலுள்ள அடக்கத்தலக் குன்றுக்கோ, பியேர் லோத்தி என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் பெயர்தாங்கிய தேநீர்க் கடையைத் தேடி அயல்நாட்டார் கம்பிவட ஊர்தியில் ஏறுகின்றனர்.

படிவுகள் மட்டும் போதுமா? போதா. வந்தவரை ஏற்கத் தெரிந்த ஒரு சமூகமும் வேண்டும். இங்கே ஒரு சொல்லைக் கவனிப்பது பயன்தரும். ‘முசாஃபிர்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணி என்று பொருள். தமிழ் முஸ்லிம்களிடையேயும் அது அப்பொருளிலேயே வழங்குகிறது. ‘முசாஃபர்கானா’ பயணியர் தங்கும் இடம். துருக்கி மொழிக்குச் சென்ற அதே சொல் ‘மிசாஃபிர்’ என்றாகி விருந்தினர் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. பயணிக்கு அவர்கள் வேறு சொல்லை வைத்துக்கொண்டனர். முன்னறிவிப்பின்றி வாயிலில் வந்து நிற்பவரை ‘இறைவனின் விருந்தாளி’ என்பது அவர்களுடைய வழக்கு.

இச்சொல்மாற்றத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அந்தாலியாவில் இப்னு பதூதாவை விருந்துக்கு அழைத்தவர் நைந்த உடையணிந்த ஒரு செருப்புத் தொழிலாளி. இவ்வளவு வறியவரைத் தொல்லைப்படுத்துவானேன் என்று அவர் தயங்கியபோது, அம்மனிதர் ‘அகீ’ எனப்படும் சகோதரக் கூட்டத்தின் தலைவர் என்று விளக்கினர். பலதொழில் இளைஞர்கள் பகலெல்லாம் உழைத்து ஈட்டியதை மாலையில் தலைவரிடம் ஒப்படைப்பர். அதைக்கொண்டு தங்கள் ஸாவியாவில் வழிப்போக்கருக்கு உணவும் உறைவிடமும் அளிப்பர். வழிப்போக்கர் வராத நாளில் தாங்களே கூடி உண்பர். தெனிஸ்லி நகரில் அவருக்கு நேர்ந்தது இன்னும் சுவையானது. கடைகளிலிருந்து ஓடிவந்த சிலர் அவருடைய குதிரையின் கடிவாளத்தைப் பற்றினர்; மற்றொரு கூட்டத்தார் வந்து அவர்களைத் தடுத்தனர்; கத்திகளும் உருவப்பட்டன. மொழி புரியாத அவர், கொள்ளையர் கையில் சிக்கினோம் என்றே அஞ்சிவிட்டார். அரபு அறிந்த ஒரு ஹாஜியார் வந்த பின்னரே, அவரை முதலில் யார் விருந்தினராகக் கொள்வது என்று இரண்டு அகீ கூட்டத்தார் சண்டையிடுகின்றனர் என்பது தெரிந்தது. இறுதியில் சீட்டுக் குலுக்கித் தீர்த்துக்கொண்டனர். பமுக்கலேயின் வெண்ணிறச் சுண்ணப்பாறைத் தடாகங்களைக் காண்பதற்கு இன்று பேருந்துகள் செல்லும் ஊர் அதே தெனிஸ்லி. பேருந்து நிலையங்களில் விடுதித் தரகர்கள் வாடிக்கையாளரைப் பற்றியிழுக்கும் காட்சியைக் காண்போருக்கு இப்னு பதூதா நினைவுக்கு வரக்கூடும்; சண்டையின் நோக்கம் மட்டுமே மாறியிருக்கிறது.

அகீகளின் ஈகைக்கு முன்பே சல்ஜூக்கிய ஆட்சியாளர்கள் வணிகப் பாதைகளில், ஒட்டகச் சாத்து ஒரு நாளில் கடக்கும் தொலைவுக்கு ஒன்றாக, ‘ஹான்’ எனப்படும் பெருஞ்சத்திரங்களைக் கட்டியிருந்தனர். அக்சராய் அருகே 1229-இல் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் எழுப்பிய சுல்தான் ஹான் இன்றும் நிற்கிறது. கோட்டை போன்ற மதில், தேன்கூடு போலச் செதுக்கிய வாயில், முற்றத்தின் நடுவே நான்கு வளைவுகளின்மேல் தூக்கி நிறுத்திய சிறு பள்ளிவாசல், பின்னால் குளிர்கால மண்டபம். விருந்தினரின் உரிமை மூன்று நாள் என்னும் நபிமொழியை ஒட்டி, இத்தகைய இடங்களில் மூன்று நாள் தங்குதலுக்குக் கட்டணமில்லை. கைசேரிக்குக் கிழக்கேயுள்ள கராத்தாய் ஹானை அமைத்த ஜலாலுத்தீன் கராத்தாய் கிரேக்கக் குலத்தில் பிறந்து அடிமையாயிருந்து அமைச்சராக உயர்ந்தவர். அதன் வக்ஃபு ஆவணம், வருபவர் முஸ்லிமாயினும் அல்லாதவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், அடிமையாயினும் சுதந்திரராயினும் உணவு சமமாக வழங்கப்பட வேண்டும் என்று விதிக்கிறது. பலதரப்பட்ட பயணியரை ஏற்பது அங்கே ஆட்சியாளரின் பெருந்தன்மைக்கு விடப்படவில்லை. சட்டத்தால் கட்டப்பட்ட அறமாக அது இருந்தது என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது.

அறத்துக்கும் இன்றைய வணிகத்துக்கும் இடையில் எழுநூறு ஆண்டுகள் உள்ளன. தற்காலப் பெருக்கத்துக்கு நேரடிக் காரணம் 1982-இல் இயற்றப்பட்ட சுற்றுலா ஊக்குவிப்புச் சட்டம். அச்சட்டத்தின்படி கடலோர அரசு நிலங்கள் முதலீட்டாளர்களுக்கு 49 ஆண்டுக் குத்தகையில் அளிக்கப்பட்டன. ஆரஞ்சுத் தோப்புகளும் மீனவக் குடில்களும் இருந்த கரையில் ஆயிரம் அறை விடுதிகள் எழுந்தன. ஐரோப்பாவிலிருந்து வாடகை விமானங்கள் நேராக வந்திறங்கின. உணவு, பானம், பொழுதுபோக்கு யாவும் ஒரே கட்டணத்தில் அடங்கும் முறை அங்கே வேரூன்றியது. கையில் பட்டை கட்டிக்கொண்ட பயணி விடுதியின் வாயிலைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. எனவே வெளியிலுள்ள உணவகத்தாரும் கடைக்காரரும் அவரைக் காண்பதுமில்லை. மதிலுக்குள் மதில் என்ற பழைய அந்தாலியாவின் அமைப்பு வேறு வடிவில் திரும்பிவிட்டது எனலாம்.

இதற்கு எதிர்வினையாக 1990-களில் தோன்றியவை மது விலக்கிய, ஆண் பெண் இருபாலாருக்கும் தனித்தனிக் குளங்களும் கரைகளும் அமைத்த விடுதிகள். சமயப் பற்றுள்ள துருக்கிய நடுத்தரக் குடும்பங்களுக்காகத் தொடங்கிய இவை இன்று ஐரோப்பாவில் வாழும் முஸ்லிம்களையும் அரபு நாட்டாரையும் ஈர்க்கின்றன. பர்தா பேணும் ஒரு பெண் அச்சமின்றி நீந்தும் வாய்ப்பைச் சிறிதென்று தள்ள முடியாது. ஆனால் பளிங்கும் பொன்முலாமும் இழைத்த அவ்விடுதிகளின் ஆடம்பரத்துக்கும், வாடகை கேளாத கராத்தாய் ஹானுக்கும் என்ன உறவு என்ற வினாவைத் துருக்கிய முஸ்லிம் எழுத்தாளர்களே எழுப்பியுள்ளனர். அவ்வினா நியாயமானது.

வேறு பல வகையினரையும் விரைந்து சுட்டலாம். முடி நடவும் பல் சீரமைக்கவும் வருவோர். 1915-இல் கலிப்பொலியில் மாண்ட தம் பாட்டன்மாருக்காக ஏப்ரல் 25 அன்று கூடும் ஆஸ்திரேலியரும் நியூஸிலாந்தினரும். 1961-இல் மேற்கு ஜெர்மனியுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி கூலிவேலைக்குச் சென்ற துருக்கியரின் பேரப்பிள்ளைகள், விடுமுறையில் சொந்த ஊரைச் சுற்றுலாப் பயணி போலப் பார்க்க வருபவர்கள். தொலைக்காட்சித் தொடர்களின் பங்கும் பெரிது. 2008-இல் அரபு மொழியில் ‘நூர்’ என்ற பெயரில் ஒளிபரப்பான தொடர், அதன் கதை நிகழ்ந்த பாஸ்ஃபரஸ் கரை மாளிகைக்கு அரபுக் குடும்பங்களை இழுத்து வந்தது. எர்துக்ருல் பற்றிய தொடர் 2020-இல் உருதுவில் ஒளிபரப்பான பிறகு சொகூத் என்ற சிற்றூரிலுள்ள அவருடைய அடக்கத்தலம் பாகிஸ்தானியருக்கும் அறிமுகமாயிற்று.

தமிழ் முஸ்லிம்களுக்குத் துருக்கியின்பால் உள்ள ஈர்ப்பு தொலைக்காட்சிக்கு முந்தியது. துருக்கர் என்னும் இனப்பெயரே ‘துலுக்கர்’ எனத் திரிந்து நம்மைச் சுட்டும் பெயராயிற்று. 1912-இல் பால்கன் போரின்போது டாக்டர் அன்சாரி தலைமையில் மருத்துவக் குழு சென்றதும், பின்னர் கிலாஃபத் இயக்கம் எழுந்ததும் நாம் அறிந்தவை. செந்நிறத் துருக்கித் தொப்பி நம் ஊர்ப் பெரியவர்களின் தலையில் கண்ணியத்தின் அடையாளமாக நெடுங்காலம் நீடித்தது. துருக்கியிலோ 1925 நவம்பரில் இயற்றப்பட்ட சட்டம் அதனைத் தடைசெய்துவிட்டது. நம் பாட்டனார்கள் குஞ்சம் தொங்கும் தொப்பியோடு ஜும்ஆவுக்குச் சென்றுகொண்டிருந்த காலத்தில் இஸ்தான்புல்லில் அதை அணிவது குற்றம். இன்று அங்கே அது பயணியருக்கு விற்கப்படும் நினைவுப் பொருள். நீண்ட கம்பியால் வேடிக்கை காட்டி ஐஸ்கிரீம் விற்பவரின் தலையலங்காரம்.

இனி, இருசாரார் ஒரே கல்லை நாடும் இடத்துக்கு வருவோம். ஹாகியா சோஃபியா கி.பி. 537-இல் தேவாலயமாகத் திறக்கப்பட்டது, 1453-இல் பள்ளிவாசலாயிற்று, 1934-இல் அமைச்சரவை எடுத்த முடிவால் மறு ஆண்டு அருங்காட்சியகமாயிற்று. 2020 ஜூலை 10 அன்று உயர் நிர்வாக நீதிமன்றம் அம்முடிவைச் செல்லாததாக்கியது. சுல்தான் முஹம்மது ஃபாதிஹின் வக்ஃபு ஆவணம் அதனைப் பள்ளிவாசலென்றே குறிப்பதால், வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அரசுக்கு உரிமையில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஜூலை 24 அன்று ஜும்ஆ நடைபெற்றது. உலக முஸ்லிம்களில் மகிழ்ந்தோர் பலர். கொர்டோபாப் பள்ளிவாசலில் இன்று நாம் தொழ முடியாமைக்கு வருந்துவதை எண்ணித் தயங்கியோரும் இருந்தனர்.

அதன்பின் நிகழ்ந்தது பயணியல் நோக்கில் கவனத்துக்குரியது. 2024 ஜனவரி முதல் தொழ வருவோருக்குத் தரைத்தளம் கட்டணமின்றித் திறந்திருக்கிறது. காண வரும் வெளிநாட்டார் தனி வாயில் வழியாக மேல்மாடத்துக்கு மட்டும் செல்ல வேண்டும். அதற்குக் கட்டணம் 25 யூரோ என விதிக்கப்பட்டது. ஏற்பாடு நேர்த்தியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் சென்னையிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ செல்லும் ஒரு முஸ்லிம், இரண்டு ரக்அத் தொழவும் விரும்புகிறார். மேல்மாடத்திலுள்ள பழைய மொசைக் ஓவியங்களைக் காணவும் விரும்புகிறார். அவர் எந்த வாயிலில் நிற்பது? வணக்கமும் காட்சியும் ஒரே மனிதருக்குள் இருக்கக்கூடும் என்பதை வாயிற்காவலர் அறியமாட்டார். பதினேழாம் நூற்றாண்டின் பெரும் பயணியான எவ்லியா செலெபி தம் பயணங்களுக்குக் காரணமாகச் சொன்ன கனவை இங்கு நினைக்கலாம். பெருமானார் (ஸல்) அவர்களைக் கனவில் கண்டு ‘ஷஃபாஅத்’ எனப் பரிந்துரை வேண்ட வந்தவர், நாக்குழறி ‘ஸியாஹத்’ எனப் பயணத்தை வேண்டிவிட்டாராம். பெருமானார் புன்னகைத்து இரண்டையும் அருளினார்களாம்.

கொன்யாவில் இச்சிக்கல் வேறு விதமாகத் தீர்க்கப்பட்டிருக்கிறது. அல்லது தீர்க்கப்படாமல் விடப்பட்டிருக்கிறது. மௌலானா ஜலாலுத்தீன் ரூமி (ரஹ்) 1273 டிசம்பர் 17 அன்று அங்கு மறைந்தார். 1925-ஆம் ஆண்டின் சட்டம் தரீக்காக்களின் தங்குமடங்களையும் அடக்கத்தலங்களையும் மூடியது. ரூமியின் அடக்கத்தலம் 1927-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. சட்டப்படி அது இன்றும் அருங்காட்சியகம்தான். ஆனால் பசுங்குவிமாடத்தின் கீழே நிற்பவர்களைப் பார்த்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ள குர்ஆன் பிரதிகளை நோக்குவோரைவிடக் கையேந்தி நிற்போரே மிகுதி. 1950-களில் ‘ஸமா’ சுழல்வணக்கம் பொதுநிகழ்ச்சியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோ அதனைச் சிறப்பித்தது. டிசம்பர் மாதத்தில் ஈரானியர் வருகின்றனர்; ரூமியை மூல மொழியில் அறிந்தவர்கள் அவர்களே. அமெரிக்கர் வருகின்றனர், இஸ்லாத்தின் தடயம் பெரிதும் நீக்கப்பட்ட ஆங்கில வடிவங்களில் ரூமியைப் படித்தவர்கள். துருக்கியரோ தம் வீட்டுப் பெரியவரைக் காண வருவது போல வருகின்றனர். மூவரும் மூன்று ரூமிகளிடம் வந்திருக்கின்றனர். இங்கே மட்டும் அவர்களைப் பிரிக்கத் தனி வாயில் இல்லை. இந்தக் குழப்பமே மேலென்று எனக்குப் படுகிறது.

பயணியரை ஈர்க்கும் படிவுகள் எல்லாம் தாமாக அமைந்தவை அல்ல. ஃபெத்தியே அருகே கயாக்கோய் என்ற மலைச்சரிவில் கூரையிழந்த கல்வீடுகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. கட்டணம் செலுத்தி உள்ளே சென்று படமெடுக்கலாம். அதன் குடிகள் கிரேக்கக் கிறிஸ்தவர்கள். 1923 ஜனவரியில் லோசானில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் மாற்றப்பட்டனர். இரு தரப்பாரையும் யாரும் விருப்பம் கேட்கவில்லை. வான் ஏரியின் தீவிலுள்ள அக்தமார் தேவாலயம் பத்தாம் நூற்றாண்டில் ஆர்மீனியர் கட்டியது. 1915-இல் நாடுகடத்தலிலும் படுகொலையிலும் அம்மக்கள் அழிந்தபின் நெடுங்காலம் பாழடைந்து கிடந்தது. செப்பனிடப்பட்டு 2007-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது; 2010 முதல் வழிபாடும் அனுமதிக்கப்பட்டது. அங்கு வரும் ஆர்மீனிய வம்சாவளியினரை விடுமுறைப் பயணியர் என்று கணக்கெடுப்பில் சேர்ப்பதா என்பது தெரியவில்லை. இவற்றைச் சொல்லாமல் துருக்கியின் ‘பன்முக மரபு’ பற்றி எழுதுவது விளம்பரமாகிவிடும். தைக்ரீஸ் கரையின் ஹசன்கேய்ஃப் நகரம் 2020-இல் இலீசு அணையின் நீரில் மூழ்கியதையும் இத்துடன் சேர்க்க வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டின் ஸெய்னல் பே அடக்கத்தலம் முதலியவற்றை மேட்டுக்குப் பெயர்த்து வைத்தனர். ஊரைப் பெயர்க்க இயலவில்லை.

இத்தனை படிவுகளும் ஒருங்கே இருந்த ஊர் அந்தாக்கியா. இயேசுவைப் பின்பற்றியோர் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்டது அங்கேதான் என்கிறது பைபிள். யாசீன் அத்தியாயத்தில், ஊரின் கடைக்கோடியிலிருந்து ஓடிவந்து தூதர்களைப் பின்பற்றுமாறு தம் மக்களிடம் மன்றாடிய மனிதரை ஹபீபுந் நஜ்ஜார் என்றும், அவ்வூர் அந்தாக்கியா என்றும் விரிவுரையாளர் பலர் கூறுவர். அவருடைய பெயரால் அங்கொரு பள்ளிவாசல் இருந்தது. தேவாலயமும் யூதர்களின் தொழுகைக் கூடமும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. 2023 பிப்ரவரி 6 அதிகாலை 4.17 மணிக்கு ஏற்பட்ட 7.8 அளவுள்ள நிலநடுக்கத்திலும் அன்று பிற்பகலில் தொடர்ந்த மற்றொன்றிலும் துருக்கியில் ஐம்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பள்ளிவாசலும் தேவாலயமும் இடிந்தன. நகரின் சின்னஞ்சிறு யூத சமூகத்தின் தலைவரும் அவர் மனைவியும் மாண்டனர்.

வீடிழந்தவர்களில் பல்லாயிரவர் தென்கரைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். குளிர்காலமாதலால் காலியாயிருந்த அந்தாலியா, அலான்யா கடற்கரை விடுதிகள் அவர்களுக்குத் திறக்கப்பட்டன. நீச்சல் குளங்களை நோக்கிய அறைகளில், ஒரே கட்டணத்தில் எல்லாம் அடங்கும் உணவுக்கூடங்களில், கட்டணமின்றி அவர்கள் தங்கவும் உண்ணவும் செய்தனர். விடுதிப் பணியாளர்கள் அவர்களை மிசாஃபிர் என்றே அழைத்தனர். வசந்தம் வந்து பருவம் தொடங்கியதும், அறைகள் முன்பதிவு செய்தவர்களுக்குத் தேவைப்பட்டன. அவர்களில் பலர் வேறிடம் பெயர்ந்தனர்.